சாமைக்காரம்மாவின் சர்க்கரை

படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், செருப்பு விடும் இடத்துக்கு இரண்டு கடை தள்ளி, செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிளெக்ஸ் தொங்கும். அதில் செந்தாமரை கையில் முறமும் முறத்தில் சாமையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். பின்னால் ஓர் அருவி கொட்டும். அது ஜவ்வாது மலை அருவி இல்லை. ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து ஒட்டிய ஏதோ ஒரு தேசத்து அருவி. தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் 'சர்க்கரையை விரட்டும் மலைச் சாமை' என்று போட்டிருக்கும்.

பிளெக்ஸுக்குக் கீழே அதே செந்தாமரை நாற்காலி நிறைய உட்கார்ந்திருப்பாள். மூட்டைகளைக் கணவன் குணசீலன் இறக்கிவைப்பார். விற்பதெல்லாம் அவள் வாய்தான்.

"மலையில வந்து பாருங்க, எந்த வூட்லயாச்சும் சக்கரை மாத்திரை கீதான்னு. சாமை துன்றவங்களுக்குச் சக்கரையே அண்டாது. என்னைய பாருங்க, நாப்பத்தேழு வயசு ஆவுது. ஒரு ஊசி போட்டதில்ல, ஒரு மாத்திரை போட்டதில்ல!"

இதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் அவள் நம்பினாள். ஊசி போடாதது நிஜம், மாத்திரை போடாதது நிஜம். ஒருநாளும் பரிசோதனை செய்து பார்க்காததும் நிஜம், அதை மட்டும் சொல்லமாட்டாள்.

பதினோரு வருட வியாபாரம் இது. மலைமேல் தார்ச்சாலை வந்ததும் ஊரில் மற்றவர்கள் சாமையைத் தரகரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தபோது, தன் மூட்டையைத் தானே கொண்டுபோய் விற்பேன் என்று கிளம்பியவள் செந்தாமரை. மலைக்காரி என்று கீழே கேலி பேசியவர்களை அவள் வாயாலேயே அடக்கினாள். சந்தவாசலிலும் கலசப்பாக்கத்திலும் அவளைச் 'சாமைக்காரம்மா' என்று சொன்னால் தெரியும். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

சாமையைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது. நல்ல தானியம். ஆனால் நடந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கீழ்நாட்டுக்காரர்களுக்குப் பழுப்புச் சாமை பிடிக்கவில்லை. வெள்ளையாக, ரவை மாதிரி வேண்டும் என்றார்கள். மில்லில் கொடுத்து இரண்டு முறை தீட்டினார்கள். தவிடெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. விற்றது போக மிச்சம் இருந்த அதே வெள்ளைச் சாமையைத்தான் செந்தாமரையும் சமைத்தாள். வேளைக்கு ஓர் ஆழாக்கு, அவள் ஒருத்திக்கு. காட்டு வேலை செய்த நாளில் அது செரித்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் நாற்காலி, மற்ற நாளில் குணசீலனின் வண்டியில் பின்சீட்டு. வயிறு முன்னால் வந்துவிட்டது. ஊரில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. 'வியாபாரம் நல்லா போவுது போல' என்று வயிற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற வேலை அந்த ஊர் மருமகள் தேவயானிக்கு. மூன்று வருடமாக அவள் செந்தாமரை வாசலுக்கு வந்து திரும்பிப் போவாள். இந்த ஆனி மாதம் அவள் விடவில்லை. செந்தாமரை ஒரே மூச்சில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு எடுக்கப் போனதைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, விரல நீட்டு."

"எனக்கு எதுக்குடி? நான் சாமை துன்றவ."

"அதான் எனக்கும் தெரியுமே. நீட்டு."

கருவியில் முந்நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. மெஷின் கெட்டுப்போச்சு என்றாள் செந்தாமரை. தேவயானி குணசீலனின் விரலில் குத்தினாள். நூற்று நான்கு. இன்னொரு முறை செந்தாமரை விரலில் குத்தினாள். முந்நூற்றுப் பதினொன்று. தேவயானி அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செந்தாமரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகினாள். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சர்க்கரைக்கு மருந்து விற்கிறவளுக்கே சர்க்கரை! கோயில் வாசலே கைகொட்டிச் சிரிக்கும். அடுத்த செவ்வாய் வழக்கம்போல் கடை போட்டாள், வழக்கம்போல் கத்தினாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் முத்தம்மாள் வந்தாள்.

முத்தம்மாள் சந்தவாசல்காரி. அவள் புருஷன் ராஜாக்கண்ணு கரும்பு விவசாயி, நாலு வருட வாடிக்கை. நல்ல ஆகிருதியான மனிதர், வந்தால் செந்தாமரையோடு வம்பு பேசாமல் போகமாட்டார். அன்று அவரைக் காணோம்.

"அண்ணன் எங்கக்கா?"

"ஆஸ்பத்திரியில இருந்து இட்டுக்கினு வந்து எட்டு நாள் ஆவுது. கால்ல ஒரு புண்ணு. கரும்புத் தோகை கீறிடுச்சுன்னு சும்மா வுட்டுட்டாரு. ரெண்டு விரல எடுத்துட்டாங்க."

செந்தாமரை கையிலிருந்த ஆழாக்கைக் கீழே வைத்தாள்.

"சக்கரை ஏறிக்கினே இருந்திருக்குது. மாத்திரைய நிறுத்தி மூணு வருசம் ஆவுதே. நீ சொன்னியேன்னு சாமையத்தான் மூணு வேளையும் துன்னாரு. இப்ப ஊசி எழுதிக் குடுத்துக்கீறாங்க, காலையும் சாய்ந்தரமும் போடணும்னு. போடவே வுடமாட்டேன்றாரு. 'ஊசி போட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணும், செந்தாமரைய பாரு, ஊசியா போட்டா, மாத்திரையா போட்டா'ன்றாரு. புண்ணு ஆறலன்னா அடுத்தது கணுக்காலு வரைக்கும் எடுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆடி ரெண்டாவது வாரம் காட்டச் சொல்லிக்கீறாங்க."

சொல்லிவிட்டு முத்தம்மாள் பையை விரித்தாள்.

"இந்த வாட்டி ரெண்டு பங்கா போடு. நெறைய துன்னாத்தான் சீக்கிரம் கொறையும்ன்றாரு."

அவள் திட்டியிருந்தால் செந்தாமரை பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பாள். முத்தம்மாளோ பையைத்தான் விரித்தாள். செந்தாமரை அதில் சாமையைக் கொட்டினாள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. பதினோரு வருடமாக ஓயாத வாய், அன்றைக்கு மூடிக்கொண்டது. முத்தம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனபிறகு, செந்தாமரைக்குத் தன் மேலேயே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை அட்டையை எடுத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் சிவசங்கரி சின்ன வயதுப் பெண். இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள், எடை பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். செந்தாமரை முகத்தில் அடித்தாற்போல் கேட்டாள்.

"டாக்டரம்மா, நான் சாமை துன்றவ. எனக்கு எப்படி வந்துச்சு? ஒண்ணும் மறைக்காம சொல்லுங்க. எனக்கு இன்னொருத்தருக்குச் சொல்லணும்."

சிவசங்கரிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போலும். வெளியே நான்கு பேர் காத்திருந்தும் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சாமையிலயும் மாவுச்சத்துதாங்கம்மா. தவிடோட, அளவோட சாப்பிட்டா சர்க்கரை மெதுவா ஏறும், நல்லதுதான். தவிட்டை எடுத்துட்டு வேளைக்கு ஒரு ஆழாக்குன்னா, நெல்லுச் சோறு என்ன பண்ணுமோ அதேதான் பண்ணும். மிச்சமாகிறதெல்லாம் கொழுப்பா மாறி வயித்துல சேரும்."

"கொழுப்புக்கும் சக்கரைக்கும் இன்னா சம்மந்தம்?"

"அங்கதான் இருக்கு விஷயமே. கொழுப்புன்னா சும்மா கெடக்கிற சதை இல்ல. அது பூரா உயிருள்ள செல்லு. சாப்பிட்டதும் உடம்புல இன்சுலின் சுரக்கும். அது ஒவ்வொரு செல்லா போய் வாசல்ல தட்டி, 'சர்க்கரை வந்திருக்கு, உள்ள எடுத்துக்கோ'ன்னு சொல்லும். வாசல்ல கேட்ட சேதி உள்ள கைமாறிக் கைமாறிப் போகும். கடைசியில சர்க்கரை நுழையுற வழி திறக்கும். கொழுப்புச் செல்லு அளவுக்கு மீறி ஊதிப்போச்சுன்னா அதுக்குள்ள வீக்கம் வந்துடும். இன்சுலின் தட்டுது, ஆனா சேதி பாதியில அறுந்துபோகுது. வழி திறக்கல. சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது."

"அப்போ எனக்கு இன்சுலின் இல்லன்னு அர்த்தமா?"

"உங்களுக்கு நெறையவே சுரக்கும். கேக்கத்தான் ஆளில்ல."

செந்தாமரை யோசித்தாள். தன் உடம்பில் ஒருத்தி பதினோரு வருடமாகக் கத்திக்கொண்டே இருப்பதும், யாரும் காதில் போட்டுக்கொள்ளாததும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

சிவசங்கரி நிறுத்தவில்லை. கொழுப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள் என்று சொல்வதும் இன்சுலின்தான்; அந்தப் பேச்சையும் ஊதிய செல் கேட்காது; கொழுப்பு ரத்தத்தில் கசிந்து ஈரலிலும் தசையிலும் போய்ப் படியும்; பிறகு அவையும் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. இடுப்புக்குக் கீழே இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் சாது, வயிற்றுக்குள் இருப்பதுதான் வம்புக்காரக் கொழுப்பு. கேட்க ஆளில்லை என்றதும் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளும். வருடக்கணக்கில் அப்படி மாரடித்துக் கடைசியில் அதுவே ஓய்ந்துபோகும். அப்போது வெளியிலிருந்து ஊசியாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இத்தனையையும் அவள் தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினாள். செந்தாமரை அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க பயப்படாதீங்க. அஞ்சாறு கிலோ குறைச்சாலே அந்தச் செல்லு மறுபடி காது குடுக்க ஆரம்பிக்கும். மாத்திரை போடுங்க, நடங்க, சாமை வேளைக்குக் கால் ஆழாக்கு. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து அவள் முதலில் செய்த காரியம், ஆழாக்கில் ஆணியால் கால் அளவுக்கு ஒரு கோடு கீறியது. மில்லுக்குப் போகவிருந்த மூட்டைகளில் ஒன்றை ஒருமுறை மட்டும் தீட்டி எடுத்துவரச் சொன்னாள். கால் ஆழாக்குச் சாமை, கூட மொச்சைக் குழம்பு, கீரை, ஒரு முட்டை. வண்டியில் ஏறவில்லை, பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று மைல் மேடும் பள்ளமுமாக நடந்தாள். முதல் நாலு நாள் பசி உயிரை வாங்கியது. குணசீலன் தட்டில் சாமைச்சோறு மலைபோல் இருப்பதைப் பார்க்கும்போது அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தது. அவள் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை கடை போட்டபோது, சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மூன்று படி வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இத்த துன்னா மாத்திரைய வுட்டுடலாமாம்மா?"

செந்தாமரை படியை மூட்டைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"வுடாதீங்கண்ணா. எனக்கே சக்கரை கீது. மாத்திரை போட்டுக்கினுதான் துன்றேன்."

அவர் பையைப் பார்த்தார், பிளெக்ஸைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். பையிலிருந்ததைத் திரும்ப மூட்டையில் கொட்டச் சொல்லிவிட்டு, எதிரே சாமை விற்கும் வெள்ளையம்மாள் கடைக்குப் போய்விட்டார். வெள்ளையம்மாள் கடையில் அன்று கூட்டம். செந்தாமரை நாற்காலிமேல் ஏறி நின்று பிளெக்ஸை அவிழ்த்து, தலைகீழாகச் சுருட்டி மூட்டைக்கு அடியில் போட்டாள்.

குணசீலன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னாமே இது? மூணு மாசம் போவட்டும். கொறைச்சுட்டு அப்புறம் சொல்லு. 'எனக்கு இருந்துச்சு, இப்ப இல்ல'ன்னு சொன்னா யாவாரமும் நடக்கும், பேரும் நிக்கும்."

"ராஜாக்கண்ணு அண்ணனோட காலு மூணு மாசம் நிக்குமாய்யா?"

"அவர் வூட்டுக்குப் போவப் போறியா? வெட்டிப்போட்டுடுவாரு."

"வெட்டட்டும்."

அவளுக்குப் பயமில்லை என்று நினைக்கவேண்டாம். பயத்தில் அன்று ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் தன் பேச்சைக் கேட்டு ஒருவர் காலை இழந்துகொண்டிருக்கிறார் என்பது, எந்தப் பயத்தையும்விடப் பெரியதாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஆடி முதல் வெள்ளி. வருடத்தில் அதைவிடப் பெரிய வியாபார நாள் கிடையாது. குணசீலனை மூட்டைகளோடு படவேட்டுக்கு அனுப்பிவிட்டு, செந்தாமரை முதல் பஸ்ஸில் இறங்கிச் சந்தவாசலில் ராஜாக்கண்ணு வீட்டு வாசலில் நின்றாள். மணி எட்டுகூட ஆகவில்லை. அவர் கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப்போட்ட கால் தலையணைமேல் இருந்தது. ஆகிருதியெல்லாம் வற்றி, முகத்தில் எலும்பு தெரிந்தது.

"வா செந்தாமர! பாரு முத்தம்மா, சாமையே வூடு தேடி வந்துடுச்சு," என்று சிரித்தார் அவர்.

செந்தாமரை உட்காரவில்லை. தேவயானி எழுதிக்கொடுத்த அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"யாரோடது இது? முந்நூத்திப் பதினெட்டா? எவனோ ரொம்ப நாள் இருக்கமாட்டான்."

"என்னோடதுண்ணா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். மறுபடி படித்தார். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"எத்தினி நாளா?"

"தெரியாதுண்ணா. நான் பாக்கவே இல்ல. பாக்காமலே உங்ககிட்ட இல்லன்னு சொன்னேன். தப்பு என்னுதுதான்."

அவள் டாக்டர் வரைந்த தாளைப் பிரித்துக் கட்டிலில் வைத்தாள். வட்டங்களைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

"இதாண்ணா கொழுப்புச் செல்லு. இன்சுலின் வந்து தட்டுது, இது கேக்கல. எனக்கு இப்ப அந்தக் கட்டம். மாத்திரை போட்டு, வயித்தக் கொறைச்சா கேக்கும்ன்றாங்க. ரொம்ப வருசம் வுட்டா சுரக்கிற எடமே ஓஞ்சிபோயிடுமாம். அதனாலதான் உங்களுக்கு ஊசி எழுதிக்கீறாங்க. நீங்க எத்தினி மூட்டை சாமை துன்னாலும் இன்சுலின் சுரக்காது. நான் சொல்றேன், சாமை விக்கிறவ. புண்ணு ஆறணும்னா ஊசி போட்டுக்கோங்க."

ராஜாக்கண்ணு தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வருசம் முன்ன உன்னையப் பாத்துதான் நான் மாத்திரைய வுட்டேன்."

"ஆமாண்ணா."

"ரெண்டு விரலு போச்சு."

"ஆமாண்ணா."

"இப்ப வந்து ஆமாண்ணான்றியா நீ!" கட்டிலே அதிரும்படி கத்தினார். முத்தம்மாள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவள் அட்டையையும் பார்த்தாள், செந்தாமரையையும் பார்த்தாள். கதவோரம் நின்றுகொண்டாள்.

செந்தாமரை கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"அண்ணா, என்னைய இன்னா வேணா கேளுங்க. அடிக்கணும்னா அடிங்க. நீங்க ஊசி போட்டுக்காம நான் இந்த வூட்ட வுட்டுப் போவமாட்டேன்."

வெளியே சாலையில் கோயிலுக்குப் போகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவள் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. குணசீலன்தான், கூட்டம் தாங்கவில்லை என்று கூப்பிட்டிருப்பார். அவள் எடுக்காமல் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி நிறுத்தினாள்.

ராஜாக்கண்ணு தன் காலைப் பார்த்தார். கட்டுக்குள் விரல் இல்லாத இடம் சப்பையாக அமுங்கியிருந்தது. பிறகு அவர் சட்டையை மேலே தூக்கி, வயிற்றைக் காட்டினார்.

"முத்தம்மா, பிரிஜ்ஜில கீறத எடுத்தா. மொதல்ல அதப் போடு. அப்புறம் இவள நான் கேட்டுக்கறேன்."

முத்தம்மாள் மருந்தை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி அளவை இரண்டு முறை சரிபார்த்து, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து ஊசியைப் போட்டாள். ராஜாக்கண்ணு முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. டாக்டர் சொன்ன நேரம் பார்த்து அவள் இரண்டு இட்லியும் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு செந்தாமரையைப் பார்த்து நாற்காலியைக் காட்டி, "உக்காரு," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அவர் திட்ட ஆரம்பித்தார். அவளை, அவள் வாயை, அவள் சாமையை, தன் புத்தியை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பதினோரு மணி பஸ் போயிற்று. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போயிற்று. அவர் ஓயும்வரை செந்தாமரை எழுந்திருக்கவில்லை.